ஜன்னல் திண்டிலும் காய்க்கும் குட்டித் தக்காளி! மயிலாப்பூர், தி.நகர் பிளாட்வாசிகள் வளர்ப்பது எப்படி?

சென்னை:

தக்காளி விலை ஏறினால் முதலில் அடி வாங்குவது நம்ம வீட்டு ரசம்தான். 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தை இல்லத்தரசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில்லரைக் கடைகளில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியது. தமிழக அரசு களத்தில் இறங்கி, முதல் கட்டமாக சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வேலைக்குப் போகிற நேரத்தில் தக்காளிக்காக பையோடு ரேஷன் கடைக்கு ஓட வேண்டியதாப் போச்சு.

கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும் பங்கு ஆந்திர மாநிலம் மதனப்பள்ளி, கர்நாடக மாநிலம் கோலார், நம்ம கிருஷ்ணகிரி பக்கத்தில் இருந்து வருகிறது. அங்கே மழை கொட்டினால் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் விலை ஏறுகிறது. அங்கே விளைச்சல் கொட்டினால் விவசாயி ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறார். இரண்டுக்கும் நடுவில் நாம்.

விலை ஏறும்போதெல்லாம் "பேசாம வீட்டிலேயே வளர்த்தா என்ன?" என்ற பேச்சு கிளம்பும். சொந்த வீடு, மொட்டை மாடி இருப்பவர்களுக்கு சரி. தி.நகர் சந்துகளில் ஒண்டுக் குடித்தனம், நந்தனம், பட்டினப்பாக்கம் குடியிருப்புகளில் ஒரு ஹால், ஒரு ரூம் என்று இருப்பவர்கள் எங்கே போவது? மொட்டை மாடிக்கு ஹவுஸ் ஓனர் பூட்டு போட்டிருப்பார். மிச்சம் இருப்பது ஜன்னல் திண்டு ஒன்றுதான். அந்த ஒரு அடி அகலத்தில் தக்காளி காய்க்குமா என்றால், காய்க்கும். ஆனால் அதற்கென்று இருக்கும் ரகத்தைத்தான் வைக்க வேண்டும்.

செர்ரி தக்காளி என்று ஏமாறாதீர்கள்

நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழம் சின்னதாக இருந்தால் செடியும் சின்னதாக இருக்கும் என்று நினைத்து செர்ரி தக்காளி விதையை வாங்கி வந்து விடுகிறார்கள். செர்ரி தக்காளியில் பல ரகங்கள் கொடி மாதிரி 6 அடிக்கு மேல் ஏறும். ஜன்னல் கம்பி முழுக்கப் படர்ந்து, வீட்டுக்குள் வெளிச்சத்தை மறைத்து, கடைசியில் நாலு பழம் கொடுக்கும்.

நமக்கு வேண்டியது பழம் மட்டுமல்ல, செடியே குட்டையாக இருக்கும் ரகம். இதில் உலகப் பிரபலம் மைக்ரோ-டாம். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1989-ல் வெளியிட்டது. முழுதாக வளர்ந்தாலே அரை அடி, முக்கால் அடிதான். அதற்கு முன்பே 1945-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உருவான டைனி டிம் என்ற ரகமும் உண்டு. இது ஒரு அடி, ஒன்றரை அடி வரை போகும். ரெட் ராபின் என்பது இன்னொன்று.

மைக்ரோ-டாம் வீட்டு அலங்காரத்துக்காக உருவாக்கப்பட்ட செடி. பிறகு அதை ஆராய்ச்சிக் கூடங்கள் பிடித்துக்கொண்டன. சின்ன அறையில் நூற்றுக்கணக்கான செடிகளை வைக்கலாம், மூன்று மாதத்தில் பழம் வந்துவிடும் என்பதால் ஜப்பான் முதல் இஸ்ரேல் வரை தக்காளி ஆராய்ச்சிக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ரெட் ராபின் கதை இன்னும் ருசியானது. இட நெருக்கடியில் தி.நகரையே மிஞ்சும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்தக் குட்டித் தக்காளியை வளர்த்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த அமெரிக்க வீரர் பிராங்க் ரூபியோ, பறித்த தக்காளி ஒன்றை எங்கேயோ தவற விட்டார். "நீயே தின்னுட்டு கதை விடுறியா?" என்கிற ரீதியில் ஆளாளுக்கு கிண்டல். அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, 2023 டிசம்பரில், அந்தத் தக்காளி கிடைத்துவிட்டது என்று சக வீரர்கள் அறிவித்தார்கள். மனுஷன் பிழைத்தார்.

நம்ம ஊர் ரகம் கூடாதா?

நம்ம ஊரிலும் குட்டை ரகம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.3 ரகத்துக்கு மருதம் என்று பெயர். கோ.1 ரகத்தில் இருந்து பிரித்தெடுத்த, குட்டையாக அடக்கமாக வளரும் செடி. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 நாட்டுத் தக்காளி மாதிரி புளிப்பு, ரசத்துக்கு அருமை. ஆனால் இரண்டுமே வயலுக்கும் மாடித் தோட்டத்துக்கும் ஆனவை. பால்கனியில் பெரிய பை வைக்க இடம் இருந்தால் இவற்றைப் போடுங்கள். ஜன்னல் திண்டுக்கு மைக்ரோ ரகம்தான் சரி.

இந்த விதைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. பாக்கெட்டில் ரகத்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே "குட்டைத் தக்காளி" என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். முளைத்து மூன்றாவது வாரம் பார்த்தாலே தெரிந்துவிடும். அசல் குட்டை ரகத்தின் இலை கரும்பச்சையாக, சுருக்கம் விழுந்து, அடுக்கு அடுக்காக நெருங்கி இருக்கும். செடி விறுவிறுவென்று நெட்டையாகப் போனால் அது வேறு ஜாதி.

எவ்வளவு கிடைக்கும்? உண்மையைச் சொல்லிவிடுவோம்

யூடியூப் வீடியோக்களில் கூடை கூடையாகக் காட்டுவார்கள். நம்பாதீர்கள். மைக்ரோ-டாம் பழம் கோலிக்குண்டு அளவுதான். ஒரு வேளை ரசத்துக்கு இரண்டு நாட்டுத் தக்காளி போடும் வீட்டில், அதற்குச் சமமாக பத்துப் பதினைந்து குட்டித் தக்காளி வேண்டும். நன்றாகப் பராமரித்த செடி தன் ஆயுளில் சில டஜன் பழம் கொடுக்கும். அதாவது ஒரு செடி என்பது மூன்று, நான்கு ரசம். ஜன்னலில் ஐந்தாறு தொட்டி வைத்தாலும் மார்க்கெட் போவது நிற்காது.

அப்படியென்றால் எதற்கு? மருந்தடிக்காத பழம், பிள்ளைகள் கையால் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். விலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் இரண்டு நாள் சமாளிக்கலாம். இதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்து தொட்டி, விளக்கு, மருந்து என்று வாங்கிக் குவிப்பதுதான் வேண்டாத வேலை. விதைக்கு மட்டும் காசு கொடுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தே பார்க்கலாம்.

விஜயதசமிக்கு விதை, பொங்கலுக்குப் பழம்

மாதம் தெரியாமல் விதைப்பதால்தான் சென்னையில் பாதிப் பேருக்கு தக்காளி காய்ப்பதில்லை. செடி தளதளவென்று இருக்கும், பூவும் வரும். பூ காம்போடு உதிர்ந்துவிடும். "மண்ணு சரியில்ல", "கண்ணு பட்டுடுச்சு" என்பார்கள். காரணம் அது இல்லை. ராத்திரிப் புழுக்கம்.

தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்க இரவு குளுமை வேண்டும். இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் போகும். மே மாதம் சென்னையில் விடியற்காலையிலேயே 28 டிகிரி. பிறகு எப்படிக் காய்க்கும்? ஜனவரியில் இரவு 21 டிகிரி வரை இறங்கும், பகலில் 30-ஐ ஒட்டி நிற்கும். தக்காளிக்கு நம்ம ஊரில் இருக்கும் ஒரே நல்ல காலம் மார்கழி, தை.

எனவே கணக்கு சுலபம். விஜயதசமியை ஒட்டி விதை போடுங்கள். ஒன்றரை மாதத்தில், கார்த்திகை வாக்கில் பூக்கத் தொடங்கும். 80 முதல் 90 நாளில், பொங்கலை ஒட்டி முதல் பழம் சிவக்கும். நவம்பர் நடுவில் விதைத்தாலும் பரவாயில்லை, மாசி மாதம் பறிக்கலாம். ஜனவரி கடைசியில் விதைத்தால் பூக்கிற நேரத்தில் வெயில் வந்துவிடும். ஏப்ரல், மே மாதத்தில் தக்காளி விதைப்பது விதைக்குப் பிடித்த கேடு.

எந்த ஜன்னல்?

கிழக்குப் பார்த்த ஜன்னல்தான் முதல் மார்க். காலை வெயில் 4 மணி நேரமாவது நேரடியாகச் செடி மேல் பட வேண்டும். 5, 6 மணி நேரம் என்றால் ரொம்ப நல்லது. வெளிச்சம் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வெயிலே படணும்.

கிழக்கு இல்லையென்றால் தெற்கு. சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு நாள்தான். ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்று. நிழல் இல்லாத நாள் என்று சொல்வது அதைத்தான். ஆகஸ்டுக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மார்கழியில் நடுப்பகலில்கூட வெயில் தெற்கு ஜன்னல் வழியாக சாய்வாக உள்ளே விழும். நமக்குத் தேவையான மாதமும் அதுதான், ஜன்னலும் அதுதான். மேற்கு ஜன்னலிலும் வளரும், சாயந்திர வெயில் கொஞ்சம் காட்டமாக இருக்கும். வடக்கு ஜன்னல் மட்டும் இந்த சீசனுக்கு உதவாது. எதிர் பிளாட் சுவர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் எந்தத் திசையும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொசுவலை அடித்த ஜன்னலில் வலை கணிசமான வெளிச்சத்தைத் தின்றுவிடும். தொட்டி வலைக்கு வெளியே, கம்பிக்கு உள்ளே இருப்பது நல்லது. வெயிலே வராத வீட்டில் 15 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பை செடிக்கு அரை அடி உயரத்தில் 12 மணி நேரம் எரிய விடலாம். ஒரு நாளைக்கு 0.18 யூனிட், இரண்டு மாதத்துக்கு 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மின் கட்டணத்தில் பெரிதாகத் தெரியாது. செடியும் சுமாராக வரும். வெயிலுக்கு ஈடாகாது.

தொட்டி, மண், தண்ணீர்

2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் பாதியாக வெட்டுங்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பா, 6 அங்குல தொட்டி, எதுவும் சரி. அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். ஒரு தொட்டிக்கு ஒரே செடி. பாசத்தில் மூன்றை வைத்தால் மூன்றும் நோஞ்சானாகிவிடும்.

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். இரண்டு முறை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். வேப்பம் பிண்ணாக்கு ஒரு ஸ்பூன் கலந்தால் வேருக்குப் பாதுகாப்பு.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் முளைக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமானால் நாற்று தரையோடு தரையாக அழுகிச் சாயும். ஈரம் போதும், சேறு வேண்டாம். விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் சென்னையில் பெரிய கேள்வி. மெட்ரோ வாட்டர் நல்லது. போர் தண்ணீர் உப்பு கரிக்கும் ஏரியா என்றால் செடி இலை ஓரம் தீய்ந்து போகும். குடிநீர் சுத்திகரிப்பு மெஷினில் இருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனசு வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும், பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அதை ஊற்றலாம். பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் கடற்காற்று வீடுகளில் வாரம் ஒருமுறை இலை மேல் நல்ல தண்ணீர் தெளித்து உப்பைக் கழுவி விடுங்கள்.

இரண்டு நாள் காயப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். பூக்க ஆரம்பித்த பிறகு 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். உரம் அதிகமானால் இலைதான் கொழுக்கும்.

ஒரு விஷயம் முக்கியம். பெரிய தக்காளிக்குச் சொல்கிற மாதிரி பக்கக் கிளையைக் கிள்ளிவிட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். குட்டை ரகத்தில் கிள்ளவே கூடாது. இருக்கிற நாலு கிளையில்தான் காயே வரும்.

தேனீ இல்லாத குறைக்கு விரல்

தக்காளிப் பூவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் மகரந்தம் உதிர ஒரு அதிர்ச்சி வேண்டும். வெளியே காற்றும், பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போடும் வண்டுத் தேனீயும் அந்த வேலையைச் செய்யும். வீட்டுக்குள் யார் செய்வார்கள்? நீங்கள்தான். காலை 10 மணிக்கு மேல், ஈரக்காற்று குறைந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாக நாலு தட்டு தட்டுங்கள். தினமும் 10 வினாடி வேலை. வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் தட்டிவிட்டுப் போகலாம். இதைச் செய்த செடிக்கும் செய்யாத செடிக்கும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

பூச்சியில் வெள்ளை ஈதான் முதல் எதிரி. இலைச் சுருட்டை நோயைக் கொண்டு வந்து இறக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி செடிக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள், ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயந்திரம் இலைக்கு அடிப்பக்கம் தெளிக்கலாம். மாவுப்பூச்சியை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். இலை சுருண்டு மஞ்சளாகி செடி குறுகிவிட்டால் பிழைக்காது, பிடுங்கிப் போட்டுவிடுங்கள். பீடி, சிகரெட் பிடித்த கையோடு செடியைத் தொட வேண்டாம். புகையிலையில் இருக்கும் ஒரு வைரஸ் தக்காளிக்கும் தாவும்.

தொட்டி கீழே விழுந்தால்...

செடி வளர்ப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்து ஈர மண்ணோடு ஒரு தொட்டி விழுந்தால் கீழே போகிறவர் தலை என்ன ஆகும்? கம்பிக்கு வெளியே திறந்த சன்ஷேடு மேல் வைக்கவே கூடாது. உள்பக்கம் வைத்தாலும் கட்டுக்கம்பியால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எடுத்து அடுக்களையில் வையுங்கள். 2016-ல் வர்தாவும் 2023-ல் மிக்ஜாமும் வந்தது இதே டிசம்பர் மாதத்தில்தான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. தட்டில் ஆற்று மணலைப் பரப்பிவிட்டால் தண்ணீரும் தேங்காது, கீழ் வீட்டுச் சுவரில் கறையும் இறங்காது. கறை இறங்கினால் கொசுவுக்கு முன்னால் ஹவுஸ் ஓனர் வந்துவிடுவார்.

தக்காளி இலை, தண்டு சாப்பிடக் கூடியது அல்ல. தவழும் குழந்தை, பூனை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். பழம் சிவக்க ஆரம்பித்ததும் அணிலும் காக்காயும் மோப்பம் பிடித்துவிடும். பாதி சிவந்ததும் பறித்து உள்ளே வைத்தால் தானாகப் பழுக்கும்.

அரசு கொடுத்த மாடித் தோட்டக் கிட்

தமிழக தோட்டக்கலைத் துறை 2013-ல் சென்னை, கோவை நகரங்களில் "நீங்களே செய்து பாருங்கள்" என்ற மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 டிசம்பரில் தொடங்கிய ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில், 900 ரூபாய் மதிப்புள்ள கிட் மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 6 செடி வளர்ப்புப் பை, நார்க்கழிவுக் கட்டி, 6 வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் அடக்கம்.

அந்தப் பைகள் ஜன்னல் திண்டில் நிற்காது. ஆனால் அப்போது வாங்கி, பரண் மேல் போட்டு வைத்தவர்கள் வீட்டில் நார்க்கழிவுக் கட்டி அப்படியே இருக்கும். அது கெடாது. ஒரு கட்டியை ஊற வைத்தால் பத்து குட்டித் தொட்டிக்கு மேல் வரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெயில் காலத்தில் என்ன செய்வது?

மாசி போய் பங்குனி பிறந்ததும் செடி ஓய்ந்துவிடும். குட்டை ரகத்தின் ஆயுளே நாலு மாதம்தான். வருத்தப்படாமல் அதே தொட்டியில் மணத்தக்காளி விதையைத் தூவுங்கள். சென்னை வெயில் அதற்குப் பழகிப்போன விஷயம். கீரையைக் கிள்ளிக் கிள்ளி கூட்டு வைக்கலாம், வயிற்றுப் புண்ணுக்கும் வாய்ப் புண்ணுக்கும் பாட்டி வைத்தியம். சீமையில் இருந்து வந்த தக்காளியை இன்றும் திவசச் சமையலில் சேர்க்காத வீடுகள் மயிலாப்பூரில் உண்டு. மணத்தக்காளிக்கு அந்தத் தடையும் இல்லை.

தக்காளிச் செடியைப் பிடுங்கும் முன், நன்றாகப் பழுத்த இரண்டு பழத்தை மட்டும் விதைக்கு விடுங்கள். மைக்ரோ-டாம், டைனி டிம் இரண்டும் ஹைபிரிட் இல்லை, விதைத்தால் அதே செடிதான் வரும். பழத்தைப் பிதுக்கி விதையையும் சாற்றையும் ஒரு டம்ளரில் இரண்டு நாள் மூடி வையுங்கள். நுரைத்து வழவழப்பு விட்டதும் வடிகட்டியில் அலசி, நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். பிறகு காகிதத்தில் மடித்து, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, ஈரம் படாத டப்பாவில் போட்டு விஜயதசமி வரை வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை விதைக்கும் காசு கிடையாது.